நாவும் மூக்கும் சொல்லும்: போர்தோ வெண்தேறலைச் சுவைத்தறியும் முறை

தேறல் என்னும் சொல் தமிழாசிரியர்க்குப் புதியதன்று. தேறுதல் என்பது தெளிதல். கலங்கி நின்ற சாற்றின் மண்டி கீழே படிய, மேலே தெளிந்து நிற்பது தேறல். புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைக் குறிப்பிடுகிறார். 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. புலவர் வாக்குக்கு மண் தந்த சான்று அது. அப்பாடல் யவனர் தேறலின் குளிர்ச்சியையும் மணத்தையும் சேர்த்தே சொல்கிறது என்பது கருதத்தக்கது. இன்று வெண்தேறலைச் சுவைத்து மதிப்பிடுவோர் முதலில் நோக்குவனவும் அவ்விரண்டே. (புணர்ச்சி விதிப்படி வெண்டேறல் என்றே எழுதுதல் வேண்டும். படிப்போர் மயங்காதிருக்கும் பொருட்டு இங்கே சொல் பிரித்து எழுதப்படுகிறது.)

மதுவைப் பற்றிய கட்டுரையா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். தோட்டங்களில் அன்று இருந்த கள்ளுக்கடைகள் எத்தனை குடும்பங்களின் சம்பள நாளை விழுங்கின என்பதை அறிந்தவர்கள் முகஞ்சுளிப்பது நியாயமே. ஆனால் குடித்தல் வேறு, சுவைத்தறிதல் வேறு. சுவைத்தறிவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் வாயில் வாங்கியதை விழுங்குவதில்லை. அருகிலுள்ள கலத்தில் உமிழ்ந்துவிடுகிறார்கள். ஒரு காலையில் முப்பது நாற்பது வகைகளை ஆராய வேண்டியவர் விழுங்கத் தொடங்கினால் பத்தாவது வகையிலேயே அறிவு மங்கிவிடும். இங்கே ஆராயப்படுவது மூக்கும் நாவும் அறிந்ததைச் சொல்லாக மாற்றும் கலை. அது மொழியாசிரியரின் தொழிலுக்கும் பக்கத்து வீடு.

பிரெஞ்சு நாட்டின் தென்மேற்கில் கரோன், தொர்தோஞ் என்னும் ஈராறுகள் கூடி ஜிரோந்த் என்னும் அகன்ற கழிமுகமாகி அட்லாண்டிக் கடலில் கலக்கின்றன. கரோன் ஆற்றங்கரையில் அமைந்த துறைமுகநகர் போர்தோ. அதைச் சூழ்ந்த நிலம் முழுவதும் கொடிமுந்திரி விளையும் நாடு. செந்தேறலால் உலகப் புகழ்பெற்ற இடம் எனினும், அங்கே தொன்றுதொட்டு வெண்தேறலும் செய்யப்படுகிறது. அது பெரும்பாலும் ஒரே வகைப் பழத்தால் ஆவதில்லை. செமியோன், சோவின்யோன், முஸ்கதெல் என்னும் மூவகை வெண்பழங்களின் தேறல்களைத் தனித்தனியே ஆக்கிப் பின்னர் அளவறிந்து கலப்பது அந்நாட்டு வழக்கம். பொருத்துதல் என்று பொருள்படும் சொல்லால் அவர்கள் அச்செயலைக் குறிக்கிறார்கள். கலப்படம் என்னும் இழிவு அதில் இல்லை. மசாலை அரைப்பவர் மல்லியையும் மிளகாயையும் சீரகத்தையும் சேர்ப்பதைக் கலப்படம் என்று எவரும் சொல்வதில்லை அல்லவா?

இக்கலப்பிற்குக் காரணம் உண்டு. சோவின்யோன் முந்திப் பழுப்பது, புளிப்பு மிக்கது, முகர்ந்தவுடனே தன்னை அறிவித்துக்கொள்ளும் மணமுடையது. ஆனால் வாயில் நீடித்து நிற்கும் பருமன் அதற்குக் குறைவு. செமியோன் இதற்கு நேர்மாறு. இளமையில் மணம் அடக்கம், புளிப்பு குறைவு, ஆனால் வாய்நிறைந்த ஒரு கொழுமை உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன்மெழுகும் தேனும் வாட்டிய ரொட்டியும் நினைவுக்கு வரும் மணங்கள் அதில் எழும். ஒன்று முன்னே ஓடுவது, மற்றது பின்னே நின்று தாங்குவது. முஸ்கதெல் சிறிதளவே சேர்க்கப்படும். ஒரு பூமணம் தருவதோடு அதன் பணி முடிந்தது. இவையன்றி உழவர் நோக்கில் வேறொரு நன்மையும் உண்டு. ஒரு வகை பூக்கும் காலத்தில் மழையோ உறைபனியோ கெடுத்தால் மற்ற வகையேனும் தப்பும்.

சோவின்யோனைப் பற்றி ஒரு செய்தி. செந்தேறலுக்குப் பெயர்போன கபெர்னே சோவின்யோன் என்னும் கரும்பழக்கொடி, கபெர்னே பிராங் என்னும் கரும்பழக்கொடிக்கும் இந்த வெண்சோவின்யோனுக்கும் பிறந்த பிள்ளை என்பதை 1997ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் மரபணுச் சோதனையால் நிறுவினர். பெயரிலேயே இரு பெற்றோரும் ஒளிந்திருந்தும், அதுவரை அதை உறுதிசெய்தவர் இல்லை.

வெண்தேறல் செய்யும் முறை செந்தேறல் முறையினின்று ஓர் இடத்தில் பிரிகிறது. செந்தேறலுக்குப் பழத்தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்து நொதிக்கும். அவற்றிலிருந்தே நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. வெண்தேறலுக்கோ பழத்தைப் பிழிந்து தோலை விலக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விடுவர். நல்ல தோட்டங்களில் பிழிவதற்குமுன் சில மணி நேரம் தோலோடு ஊறவைப்பதும் உண்டு. ஆதலின் வெண்தேறலில் துவர்ப்பு மிகக் குறைவு. அதன் முதுகெலும்பு புளிப்பே. அப்புளிப்பில் பெரும்பங்கு டார்டாரிக் அமிலம் என்பது. நம் சமையலறைப் புளியின் புளிப்புக்கும் காரணமான அமிலம் அதுவேதான்! ரசம் வைத்துப் பழகிய நாவுக்கு வெண்தேறலின் புளிப்பு அயலூரில் எதிர்ப்பட்ட உறவினர் போன்றது.

இனி, சுவைத்தறியும் முறையைப் பார்க்கலாம். இதற்கென்று ஒரு கண்ணாடிக் கிண்ணம் 1977ஆம் ஆண்டில் உலகத் தர அமைப்பால் வரையறுக்கப்பட்டது. அடியில் பருத்து வாயருகே குறுகிய முட்டை வடிவம், தண்டு உண்டு, முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 215 மில்லிலிட்டர். அதில் ஊற்றுவதோ 50 மில்லிலிட்டர்தான். எஞ்சிய இடம் வெற்றிடமன்று. மணம் தங்கும் அறை. கிண்ணத்தைத் தண்டில் பிடித்தல் வேண்டும். உள்ளங்கைச் சூடு தேறலைச் சேரக்கூடாது. நல்ல போர்தோ வெண்தேறலுக்கு 10 முதல் 12 பாகை செல்சியஸ் வெப்பம் பொருத்தம். பனிக்கட்டிக் குளிரில் மணம் எழும்பாது. வெப்ப நாட்டு அறையில் வெளியே வைத்துவிட்டால் சாராய நெடியே மேலோங்கும். குறையுள்ள தேறலை விற்க விரும்புவோர் அதை மிகவும் குளிரவைத்துக் கொடுப்பதன் சூழ்ச்சியும் இதில் அடங்கும்.

முதலில் கண். வெள்ளைத்தாளின்மேல் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்ப்பர். பெயர் வெண்தேறல் எனினும் வெண்மை அதில் இல்லை. இளையது பச்சை கலந்த எலுமிச்சை மஞ்சள். பீப்பாயில் இருந்ததும் ஆண்டு முதிர்ந்ததும் பொன்னிறம். பழுப்பேறியிருந்தால் காற்றுப்பட்டுக் கெட்டதோ என்று ஐயுறலாம். கிண்ணத்தைச் சுழற்றினால் உட்சுவரில் துளிகள் கண்ணீர்போல் வழியும். அதைப் பார்த்துத் தரம் சொல்வோர் உளர். அது வெறும் பேச்சு. சாராயம் நீரினும் விரைவாக ஆவியாவதால் மேற்பரப்பின் இழுவிசை இடத்துக்கிடம் மாறுகிறது. துளி ஏறி இறங்குகிறது. ஜேம்ஸ் தாம்சன் என்னும் அறிஞர் 1855லேயே இதை விளக்கிவிட்டார். சாராயம் மிகுந்தால் கண்ணீர் மிகும், அவ்வளவே.

அடுத்தது மூக்கு. சுழற்றாமல் ஒருமுறை முகர்தல், சுழற்றி மறுமுறை முகர்தல். சுழற்றுவதால் தேறலின் பரப்பு விரிந்து மணம் மிகுதியாக எழும். நீண்டநேரம் முகர்ந்துகொண்டே இருப்பதால் பயனில்லை. மூக்கு எந்த மணத்துக்கும் விரைவில் பழகி உணர்வை இழந்துவிடும். பூக்கடையில் இருப்பவர்க்குப் பூமணம் தெரிவதில்லை. குறுகிய முகர்வு, சிறிது ஓய்வு, மீண்டும் முகர்வு என்பதே முறை.

பின்னரே வாய். ஒரு தேக்கரண்டி அளவினும் சற்று மிகுதியாக வாங்கி, நாவெங்கும் படர விட்டு, உதடு குவித்துச் சிறிது காற்றையும் உள்ளிழுப்பர். விருந்தில் இது நாகரிகமாகாது, ஆய்வில் இன்றியமையாதது. உள்ளிழுத்த காற்று மணப்பொருள்களை வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏற்றுகிறது. சுவை என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இவ்வாறு பின்வாசல் வழியாக மூக்கு உணர்வதே. சளிபிடித்த நாளில் சாம்பாரும் ரசமும் ஒன்றுபோல் தோன்றுவது இதனாலன்றோ?

தமிழர் சுவை ஆறு என்றனர். இக்கால உடலியலார் நாவின் சுவை மொட்டுகள் உணர்வன இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகிய நான்கும், 1908இல் ஜப்பானிய அறிஞர் இக்கேதா கண்டு உமாமி எனப் பெயரிட்ட ஐந்தாவதும் என்பர். கார்ப்பும் துவர்ப்பும் அவர்கள் கணக்கில் சுவையல்ல; கார்ப்பு எரிச்சல், துவர்ப்பு தொடுவுணர்ச்சி. இதனால் நம் முன்னோர் தவறினர் என்று எண்ண வேண்டியதில்லை. வாய் உணர்வதை அவர்கள் எண்ணினார்கள். இவர்கள் நரம்பின் வழியை எண்ணுகிறார்கள். தேறலைச் சுவைப்பவர்க்கு முன்னோர் கணக்கே கைகொடுக்கிறது. வெண்தேறலில் துவர்ப்பு தென்பட்டால் பிழிவு கடுமையாயிற்றோ, பீப்பாய் மரம் மிஞ்சியதோ என்று கேட்க அச்சொல் துணைசெய்யும். நாவின் நுனி இனிப்பையும் ஓரம் புளிப்பையும் அடி கைப்பையும் உணரும் என்று பள்ளிப் புத்தகங்களில் நெடுங்காலம் வந்த படமே தவறு. சுவைமொட்டுள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும்.

கலவைத் தேறலை வாயில் வாங்கியவர் காலவரிசையை நோக்க வேண்டும். முதலில் எழும் சுறுசுறுப்பான புளிப்பும் மணமும் சோவின்யோனின் பங்கு. அது தணியும் இடத்தில் வாய் வெறுமையாகிறதா, அல்லது செமியோனின் கொழுமை வந்து நிரப்புகிறதா? நிரப்பினால் கலப்பு நன்று. உமிழ்ந்த பின்னும் எத்தனை நொடி மணம் நிற்கிறது என்பதையும் எண்ணுவர். ஒவ்வொரு பழத்தையும் பிரித்துக் காட்டிவிடுவதே திறமை என்று தொடக்கத்தார் நினைப்பர். தையல் தெரியாமல் தைக்கப்பட்டிருப்பதுதான் நல்ல சட்டை. கலவையின் வெற்றியும் அதுவே.

சோவின்யோனின் மணம் எங்கிருந்து வருகிறது என்பது சுவையான கதை. அதன் பழச்சாற்றை முகர்ந்தால் மணம் பெரிதாக இராது. போர்தோவில் தேறலியல் கற்பித்த எமில் பெய்னோ (1912–2004), அப்பழத்தை மென்று விழுங்கி இருபது முப்பது நொடி கழிந்தபின் திடீரென்று மணம் திரும்பி வருவதைக் கவனித்து எழுதினார். மணம் பழத்தினுள் வேறொன்றோடு பிணைந்து மறைந்திருக்கிறது என்பதற்கு அது முன்னறிகுறி. 1990களில் அதே போர்தோவில் பிலிப் தாரியே, தக்கத்தோஷி தொமினாகா, தெனி துபூர்தியே முதலியோர் அம்மறைபொருளை வெளிப்படுத்தினர். தயோல் எனப்படும் கந்தகச் சேர்மங்கள் அவை. பழத்தில் மணமின்றிக் கட்டுண்டு கிடப்பனவற்றை ஈஸ்ட் நொதிக்கும்போது அவிழ்த்துவிடுகிறது. அவற்றுள் ஒன்றை உணர ஒரு லிட்டரில் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறுகோடியில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. மிகச் சிறிதளவில் பழமணமாக இனிக்கும் அதுவே மிகுந்தால் பூனை மூத்திர நெடியாகிறது. கந்தகத்தின் இந்த இருமுகத்தை டுரியான் நாட்டார்க்கு விளக்க வேண்டியதில்லை. டுரியானின் மணத்திலும் தயோல்களும் பிற கந்தகப் பொருள்களும் உண்டு; ஒருவர்க்கு அமுதம், அடுத்தவர்க்கு ஓட்டம்.

இங்கேதான் சொற்சிக்கல் எழுகிறது. ஆங்கிலத்தில் எழுதுவோர் சோவின்யோனில் கூஸ்பெரி மணம் உண்டென்பர். அகராதியைப் புரட்டினால் அதற்கு நெல்லிக்காய் என்றிருக்கும். நெல்லிக்கும் அந்த ஐரோப்பியப் பழத்துக்கும் உறவே இல்லை. அது முள்ளுடைய குளிர்நாட்டுப் புதரின் காய். நெல்லி வெப்பநாட்டு மரத்தின் காய். அகராதியை நம்பித் தேறலில் நெல்லிக்காய் தேடுபவர் கடைசிவரை தேடிக்கொண்டே இருப்பார். மாறாக, சிவந்த சதையுள்ள கொய்யாப்பழத்தை முகர்ந்து பார்த்தால் விடை கிடைக்கும். சோவின்யோன் மணத்துக்குக் காரணமான தயோல்களில் ஒன்று அக்கொய்யாவிலும் பேஷன் பழத்திலும் உண்டு. கிரேப்புரூட் என்பது பம்பளிமாசும் ஆரஞ்சும் கலந்து பிறந்தது. ஆகவே பம்பளிமாசுத் தோலைக் கிள்ளி முகர்ந்தவர்க்கு அம்மணமும் அயலன்று. பிறர் சொல்லை மொழிபெயர்ப்பதைவிடப் பொருளை முகர்ந்து சொல் தேடுவது மேல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1984ஆம் ஆண்டில் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் மணச்சக்கரம் ஒன்றை வகுத்தார். பழம், பூ, காய்கறி, மரம், மண் எனப் பொதுப்பெயர்கள் நடுவிலும், எலுமிச்சை, கிராம்பு என்பன போன்ற சிறப்புப்பெயர்கள் விளிம்பிலும் அமைந்தன. அழகான தேறல், பெருமிதமான தேறல் என்ற அடைமொழிகளுக்கு அச்சக்கரத்தில் இடமில்லை. கேட்பவர் தாமும் முகர்ந்து சரிபார்க்கக்கூடிய சொல்லுக்கே இடம்.

ஆயினும் சரிபார்க்கக்கூடிய சொல்லும் ஏமாற்றும். இதைக் காட்டியது, 2001ஆம் ஆண்டில் மூளையும் மொழியும் பற்றிய ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த சோதனை. கில் மோரோ, பிரெதெரிக் புரோஷே, மேலே கண்ட தெனி துபூர்தியே ஆகிய மூவர் அதை நடத்தினர். போர்தோவில் தேறலியல் பயின்ற மாணவர் 54 பேர் முன் இரு கிண்ணங்கள் வைக்கப்பட்டன. ஒன்றில் செமியோனும் சோவின்யோனும் கலந்த 1996ஆம் ஆண்டுப் போர்தோ வெண்தேறல். மற்றதில் அதே ஆண்டுச் செந்தேறல். மணத்தைச் சொற்களால் எழுதச் சொன்னார்கள். வெண்தேறலுக்குத் தேன், எலுமிச்சை போன்ற வெளிர்நிறப் பொருள்களும், செந்தேறலுக்குச் செர்ரி போன்ற செந்நிறப் பொருள்களும் பட்டியலில் வந்தன. ஒரு வாரம் கழித்து மீண்டும் இரு கிண்ணங்கள். இம்முறை இரண்டிலும் இருந்தது முன்னைய வெண்தேறலே. ஒன்றில் மட்டும் மணமற்ற செஞ்சாயம் சேர்க்கப்பட்டிருந்தது. முன்பு தாமே எழுதிய ஒவ்வொரு சொல்லும் எந்தக் கிண்ணத்துக்கு மிகுதியாகப் பொருந்தும் என்று கேட்டபோது, சாயமிட்ட வெண்தேறலுக்கு மாணவர்கள் செந்தேறற் சொற்களையே கொடுத்தனர். மூக்கு சொல்ல வேண்டியதைக் கண் சொல்லிவிட்டது.

இச்சோதனையைக் கேட்டவர்கள், தேறல் வல்லுநர் அனைவரும் போலிகள் என்று முடிவு கட்டுவதுண்டு. அது நேர்மையான முடிவன்று. சோதனைக்கு உட்பட்டவர் மாணவர்; முதிர்ந்த வல்லுநர் அல்லர். ஒரே தேறலின் இரு கிண்ணங்களுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்று கேட்கப்பட்டனர். தேர்ந்தெடுக்க நிறமன்றி வேறு வேறுபாடே இல்லை. ஆனாலும் சோதனை காட்டிய உண்மை பெரிது. மணத்துக்கென்று நாம் ஆளும் சொற்கள் பெரும்பாலும் பொருட்பெயர்கள், அப்பொருள்கட்கு நிறமுண்டு, நிறம் முன்னே வந்து சொல்லைத் தேர்ந்துவிடுகிறது. வகுப்பறைக் கட்டுரைகளிலும் இதுவே நடக்கிறது. கடற்கரை என்று தலைப்புக் கொடுத்தவுடன் மாணவன் நீலக்கடலையும் வெண்ணுரையையும் எழுதிவிடுகிறான். அவன் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த கடல் சேற்று நிறமாக இருந்திருக்கலாம். கருவாட்டு மணம் வீசியிருக்கலாம். தலைப்பு அங்கே செஞ்சாயத்தின் வேலையைச் செய்கிறது. ஆகவேதான் கவனமுள்ள தேறல் ஆய்வாளர், நிறம் தெரியாத கருங்கிண்ணத்தில் ஊற்றி, பெயர்ச்சீட்டை மறைத்துச் சுவைக்கிறார்கள். ஒருவர் எழுதி முடிக்குமுன் மற்றவர் வாய்திறப்பதில்லை.

போர்தோவிலேயே இன்னொரு வெண்தேறலும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் குறையாகும். சோத்தேர்ன் என்னும் ஊர்ப்பகுதியில் சிரோன் என்னும் சிற்றாற்றின் குளிர்ந்த நீர் கரோனின் வெதுவெதுப்பான நீரைச் சேரும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி படிகிறது. அவ்வீரத்தில் போத்ரிட்டிஸ் என்னும் பூஞ்சணம் பழத்தைப் பற்றும். பிற்பகல் வெயில் அதை உலர்த்தும். பழம் சுருங்கி நீர் வற்ற, சர்க்கரை திரளும். பார்வைக்கு அழுகல், பயனில் அமுது. அழுகிய கனிகளைத் தேர்ந்து தேர்ந்து பலமுறை பறிப்பர். இங்கும் செமியோனே தலைமை. சோவின்யோன் தன் புளிப்பால் இனிப்புத் திகட்டாமல் காக்கிறது. 1855ஆம் ஆண்டின் தரவரிசையில் இப்பகுதியின் இக்கெம் தோட்டம் மட்டும் தனி மேல்நிலை பெற்றது.

சுவைத்தறியக் கற்பிக்கும் இடங்களில் முதற்பாடம் தேறலில் தொடங்குவதில்லை. தண்ணீரில் தொடங்குகிறது. ஒரு குவளையில் சர்க்கரை, ஒன்றில் புளிப்பமிலம், ஒன்றில் கைப்புப்பொருள், ஒன்றில் துவர்ப்புப்பொருள் எனச் சிறிதளவே கரைத்து, எது எதுவென்று கேட்பர். பின்னர் இரண்டிரண்டாகக் கலந்து, இனிப்பு புளிப்பை எவ்வாறு மறைக்கிறது என்று காட்டுவர். இப்பாடத்தைத் தமிழ் வகுப்பில் நடத்துவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஒரு சொட்டு மதுவும் தேவையில்லை. நீர்த்த புளிக்கரைசல், பாலில்லாத் தேநீர், வெல்லநீர், வெந்தயம் ஊறிய நீர் ஆகியன போதும். முகர்வதற்குக் கொய்யா, எலுமிச்சை இலை, கிராம்பு, செரை ஆகியவற்றை மூடிய தகரக் குவளைகளில் வைத்து, மேலே துளையிட்டுக் கொடுக்கலாம். ஒரு நாள் எலுமிச்சைச் சாற்றை இயல்பான நிறத்தில் கொடுத்து எழுதச் சொல்லவேண்டும். மறுவாரம் அதே சாற்றில் மணமற்ற சிவப்பு உணவுச்சாயம் இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்து எழுதச் சொல்லவேண்டும். முதல் வாரத்துத் தாள்களை இரண்டாம் வாரம் எழுதி முடிக்கும்வரை மாணவரிடம் திருப்பிக் கொடுக்காதிருப்பது நன்று.